எதிர்ப்பு என்றொரு சொல்



பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் சொற்களில் ‘அப்போஸ்’ என்பது ஒன்று. ‘எதிர்’ என்று பொருள் எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. ‘அப்ஜெக்ட்’, ‘புரோட்டஸ்ட்’, ‘ரெசிஸ்ட்’, ‘பாய்காட்’, ‘பிக்கெட்’, ‘ஸ்ட்ரைக்’ எல்லாமே எதிர்ப்புதான் என்றாலும் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு வெறும் பரீட்சை விஷயம் அன்று. எந்த இடத்தில் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து, நம் முன்னோர்களுக்குக் கூலி உயர்ந்ததும் உண்டு, கப்பலேற்றப்பட்டதும் உண்டு.

முதலில் நம் தமிழ்ச் சொல்லையே பார்ப்போம். ‘எதிர்’ என்றால் அடிப்படையில் ‘முன்னால்’ என்பதுதான் பொருள். எதிரே வருகிறவர் நமக்கு முகம் காட்டி வருகிறவர். எதிர்காலம் என்பது முன்னால் இருக்கும் காலம். விருந்தாளியை வாசலுக்குப் போய் எதிர்கொண்டு அழைக்கிறோம், கடிதத்தை எதிர்பார்க்கிறோம். எதிர்வீட்டுக்காரர் எதிரி அல்லர். நல்லது கெட்டதற்கு முதலில் ஓடி வருகிறவரே அவர்தாம். ஆகவே தமிழில் எதிர்ப்பது என்றால், முதுகைக் காட்டாமல் முகத்துக்கு முகம் நிற்பது. ஆங்கிலச் சொல்லும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தது. இலத்தீன் மொழியில் ‘எதிரே வைத்தல்’ என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது ‘அப்போஸ்’. ‘ஆப்போசிட்’ வீடு என்று பிள்ளைகள் சொல்வதும் அதே வேரில் முளைத்ததுதான்.

மலாய் மொழியில் ‘லாவான்’ என்ற சொல் பந்தாட்ட மைதானத்தில்கூடக் கேட்கும். பகாங் லாவான் பேராக் என்றால் இரண்டு குழுவும் ஒன்றை ஒன்று எதிர்த்து ஆடுகின்றன, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிக்கொள்வார்கள். ‘பந்தா’ என்பது மறுத்துப் பேசுவது. நாடாளுமன்றத்தில் எதிர்த்தரப்பில் அமர்ந்திருப்பவர்கள் ‘பெம்பாங்காங்’. ஆட்சியை எதிர்ப்பவர்களுக்கும் ஆட்சியமைப்பில் ஒரு நாற்காலி உண்டு என்ற கருத்து இங்கிலாந்தில் மெல்ல மெல்ல உருவானது. 1826ஆம் ஆண்டில் ஜான் ஹோப்ஹவுஸ் என்ற உறுப்பினர் அவர்களை ‘மன்னரின் எதிர்க்கட்சி’ என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார். சபை சிரித்தது, பெயரோ நிலைத்துவிட்டது.

வீட்டுப் பேச்சுக்கு வருவோம். ‘அப்ஜெக்ஷன்’ என்பதற்கு ‘ஆட்சேபம்’ என்கிறோம். பெண் கேட்டு வந்தவர்களிடம், “எங்களுக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை” என்று பெரியவர் ஒருவர் சொன்னால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. ஆட்சேபம் என்பது ஒரு செயல் நடக்குமுன் வாயால் சொல்லும் தடை. ‘புரோட்டஸ்ட்’ அப்படியல்ல. அதன் வேர்ச்சொல்லுக்குப் ‘பலர் அறியச் சாட்சி கூறுதல்’ என்று பொருள். 1529ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்பயர் நகரில் கூடிய பேரவையில் பெரும்பான்மையோர் செய்த சமய முடிவை ஏற்க மறுத்து, சிறுபான்மைச் சிற்றரசர்களும் நகரங்களும் எழுத்து மூலம் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். புரோட்டஸ்டண்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெயர் அதிலிருந்து வந்தது. உங்கள் முடிவை என்னால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் நான் இதற்கு உடன்படவில்லை என்பதற்கு ஊரே சாட்சியாக இருக்கட்டும் என்பதுதான் ‘புரோட்டஸ்ட்’. நாம் அதற்குக் ‘கண்டனம்’ என்றும் சொல்கிறோம், ‘எதிர்ப்புத் தெரிவித்தல்’ என்றும் சொல்கிறோம்.

இனி, தோட்டத்துக்கு வருவோம்.

தோட்டத்தில் ஒரு தொழிலாளி ‘எதிர்த்துப் பேசினான்’ என்றால் அந்தக் காலத்தில் அது ஒரு குற்றச்சாட்டு. கிராணியிடமோ, மண்டோரிடமோ, துரையிடமோ கேள்வி கேட்டாலே அந்தப் பெயர் வந்துவிடும். இதற்குக் காரணம் துரைமாரின் குணம் மட்டும் அன்று. தோட்டம் அமைந்திருந்த விதமே அப்படி. வேலை தோட்டத்தினுடையது, குடியிருக்கும் லயமும் தோட்டத்தினுடையது. மருந்துக்கொட்டகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, அரிசிக் கடைப் பற்று எல்லாமே அந்த எல்லைக்குள். பட்டணத்துத் தொழிலாளி வேலையை இழந்தால் வேலையை மட்டும் இழந்தான். தோட்டத்துத் தொழிலாளி வேலையை இழந்தால் அன்று மாலையே குடும்பத்தோடும் சட்டி பானையோடும் சாலைக்கு வரவேண்டும். மலைத் தோட்டங்களில் இது இன்னும் கடினம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறிப்பு எழுதினார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931வாக்கில்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. அன்று அதுவே ஒரே சாலை. இறங்கினால் அதன் வழியேதான் இறங்கவேண்டியிருந்தது.

அதற்கு முந்திய ஒப்பந்தக் கூலிக் காலத்தில் நிலைமை இதைவிட மோசம். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் வேலைக்கு வராவிட்டால் அது கடன்பாட்டுப் பிரச்சினை அன்று, தண்டனைக்குரிய குற்றம். அதனால் அன்று எதிர்ப்புக்கு இருந்த மிகப் பழைய வடிவம் பேச்சே இல்லாத வடிவம்: இரவோடு இரவாகத் தோட்டத்தை விட்டு ஓடிப்போவது. பிடிபட்டால் சிறை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. பின்னர் ஓங்கிய கங்காணி முறையில் வேறொரு கட்டு இருந்தது. கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், பலருக்குச் சொந்தக்காரரும்கூட. அவரை எதிர்ப்பது ஊரை எதிர்ப்பது, உறவை எதிர்ப்பது. மாமனாக முறையாகிறவரிடம் கூலிக்கணக்கு கேட்க யாருக்கு நா எழும்? துரைக்கு இது வசதியாக இருந்தது.

ஓடவும் முடியாமல், எதிர்க்கவும் முடியாமல் நின்றவர்களுக்கு மிஞ்சியது ‘மனு’. பட்டணத்தில் ஒருவரிடம் காசு கொடுத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்குவார்கள். தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது என்று தொடங்கி, கடைசியில் தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன் என்று முடியும் கடிதம். மனுவில் ‘அப்போஸ்’ வராது, ‘புரோட்டஸ்ட்’ வராது. ‘பெக்’, ‘பிரே’ இரண்டும் வரும். முன்னது இரப்பது, பின்னது வேண்டுவது. மனுவைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தன் குறையை ஒரு காகிதத்தில் ஏற்றி அதிகாரியின் மேசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தாரே, அதற்கே துணிச்சல் வேண்டும்.

மனுவிலிருந்து எதிர்ப்புக்கு நம் மக்கள் வந்த வழியில் ஒரு பெரிய கட்டம் மலாயாவில் அல்ல, தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. நம்மைப் போலவே ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் அங்கே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்தார்கள். டிரான்ஸ்வாலில் இந்தியர் எல்லாரும் விரல்ரேகை பதிந்து பதிவுச்சீட்டு வைத்திருக்கவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜோஹன்னஸ்பர்க்கில் பெருங்கூட்டம் நடந்தது. அந்தப் போராட்டத்தை முதலில் ‘பாசிவ் ரெசிஸ்டன்ஸ்’ என்றார்கள். ‘ரெசிஸ்ட்’ என்றால் அசையாமல் தாங்கி நிற்பது. ‘பாசிவ்’ என்றால் தானாக ஒன்றும் செய்யாதது. ஆயுதமும் வாக்குரிமையும் இல்லாத பலவீனர்களின் கருவி என்று ஆங்கிலேய நண்பர் ஒருவர் அதை விளக்கியபோது காந்தியடிகளுக்கு அந்தச் சொல்லே பிடிக்காமல் போயிற்று. தம்முடைய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் புதுச் சொல் கேட்டுப் பரிசு அறிவித்தார். அவர் உறவினர் மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று எழுதி அனுப்பினார். நல்லதில் உறுதி என்பது அதன் பொருள். அதைச் சிறிது மாற்றிச் ‘சத்தியாக்கிரகம்’ என்று வைத்தார் காந்தியடிகள்.

ஒரு சொல்லை மாற்றுவதற்காக, நடந்துகொண்டிருக்கும் ஒரு போராட்டத்தின் நடுவே போட்டி வைத்ததை நாம் அலட்சியமாக நினைக்கக்கூடாது. பலவீனன் என்ற பெயரோடு சிறைக்குப் போவது வேறு, உண்மையைப் பிடித்துக்கொண்டிருப்பவன் என்ற பெயரோடு போவது வேறு. 1913இல் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லையைக் கடந்து நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்தும்படி தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். சுரங்கம் நின்றது, வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. அந்தக் கிளர்ச்சியில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. காய்ச்சலோடு வெளியே வந்த அந்தப் பெண் 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள். அதே ஆண்டு 3 பவுன் வரி ஒழிந்தது.

‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்லைத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. பாட்டிமார்கூட ‘ஸ்ட்ரைக் அடிச்சாங்க’ என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு அடித்தல் என்றும் பொருள் இருப்பதால், கைகலப்போடு சம்பந்தப்பட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது கடலிலிருந்து வந்த சொல். 1768இல் இங்கிலாந்தின் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு, கப்பல்களின் பாய்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர்களின் மொழியில் ‘ஸ்ட்ரைக்’ என்று பெயர். பாய் இல்லாமல் கப்பல் நகராது. ஆகவே அதன் முதற்பொருள் அடிப்பது அன்று, இறக்கி வைப்பது. கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கிக் கீழே வைக்கிற காட்சியை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல் நமக்கு அந்நியமாகப் படாது.

தமிழில் ‘வேலைநிறுத்தம்’ என்று சொன்னோம். தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி முடிவில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்ந்தது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கிடைத்தது. சில நாட்களில் தலைவர்கள் இருவரும் கைதானார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1918 ஏப்ரலில், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியாவும் திரு. வி. க.வும் அதன் முன்னணியில் இருந்தார்கள். இந்தச் செய்திகளெல்லாம் கப்பலில் வந்த ஆட்களின் வாய்வழியாகவும், பின்னாளில் தமிழ்ப் பத்திரிகைகள் வழியாகவும் மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தன. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்தார். ‘சுயமரியாதை’ என்ற சொல் அந்தக் காலத்தில்தான் லயங்களுக்குள் நுழைந்தது.

கிள்ளான் வட்டாரத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் எதிர்ப்பு என்ற சொல்லின் பொருள் உரசிப் பார்க்கப்பட்ட இடம் அதுதான் என்பது என் கருத்து. 1941ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் சீனத் தொழிலாளர் பெற்ற கூலிக்கும் தமிழ்த் தொழிலாளர் பெற்ற கூலிக்கும் பெரிய இடைவெளி. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆர். எச். நாதன் பத்திரிகைத் தொழிலில் பழகியவர். அவரும் ஒய். கே. மேனனும் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது.

தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி ஒரு பகுதிதான். மீதியைக் கேளுங்கள். கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்கிவிட்டுத் தமிழ் பேசத் தெரிந்தவர்களை வைக்கவேண்டும். பெண்களிடம் தவறாக நடந்துகொள்வதை நிறுத்தவேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பும், நோயாளிகளுக்கு ஒழுங்கான மருத்துவமும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விடவேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். குறை சொல்ல முன்வந்தவரைப் பழிவாங்கக்கூடாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ அதிகாரிகளோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் படித்துவிட்டு, போயும் போயும் சைக்கிளுக்காகவா போராட்டம் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சொந்தக் காசு போட்டு வாங்கிய வண்டி. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறவன், எதிரே துரையின் கார் வந்தால் இறங்கி ஓரமாக நிற்கவேண்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிர் என்றால் முகத்துக்கு முகம் நிற்பது என்று தொடக்கத்தில் பார்த்தோம். ஆசனத்தில் உட்கார்ந்தபடியே எதிரே வருகிறவரைக் கடந்து போவதும் எதிர்ப்பே. அதற்கு ஒரு வார்த்தைகூடப் பேசவேண்டியதில்லை.

தொழிலாளர் இதைக் ‘கோரிக்கை’ என்றார்கள். தோட்ட முதலாளிகளும் அரசாங்கமும் வேறு சொற்களைப் பயன்படுத்தினார்கள். தலைவர்கள் ‘அஜிட்டேட்டர்’ ஆனார்கள். தமிழில் கிளர்ச்சிக்காரன் என்கிறோம்; ஆங்கிலத்தில் அதற்கு, அமைதியாக இருந்த தண்ணீரைக் கலக்கிவிட்டவன் என்ற தொனி. அதாவது தொழிலாளிக்குத் தானாக ஒரு குறையும் இல்லை. வெளியிலிருந்து வந்தவன் சொல்லிக் கொடுத்துவிட்டான்! இந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய வாதம் ஒளிந்திருக்கிறது, பாருங்கள். ஆளுநர் ஷெண்டன் தாமஸின் அரசாங்கம் மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தது. அவரை விடுவிக்கக் கேட்டுத் தொழிலாளர் திரண்டார்கள். வேலைநிறுத்தம் இரண்டாம் முறையாக, முன்னைவிட வேகமாக மூண்டது. மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. போருக்காகக் கொண்டுவந்திருந்த இந்தியச் சிப்பாய்களையே இந்தியத் தொழிலாளர்மீது ஏவினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தார்கள். பலர் சிறையில் அடைபட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியப் படை வந்திறங்கியது. மிதிவண்டிகளிலேயே தெற்கு நோக்கி வந்தது. சரித்திரம் சில சமயம் இப்படியும் குறும்பு செய்யும்.

‘பிக்கெட்’ என்பதன் கதை வேறு. கூர்மையான முளைக்குச்சிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரிலிருந்து வந்தது அது. முளையடித்துக் காவல் நின்ற சிப்பாய்களுக்கு அந்தப் பெயர் ஏற்பட்டு, பின்பு ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளருக்கும் வந்தது. நாம் ‘மறியல்’ என்கிறோம். மறித்தல் என்றால் வழியைத் தடுப்பது, மாட்டை மறித்துத் திருப்புகிறோமே, அதுதான். இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறை என்றும் பொருள் உண்டு. மறியல் செய்தவர்கள் மறியலுக்கே போனார்கள் என்று அங்கே சொன்னால் இலக்கணப் பிழை ஆகாது.

தமிழருக்கு மறியல் என்றதும் நினைவுக்கு வருவது கள்ளுக்கடை. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலை, பெரியார் சிறை சென்றபின், அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் நடத்தினார்கள். மலாயாவில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு கையால் கொடுத்த கூலியை மறுகையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். போர் முடிந்தபின் கெடாவின் தோட்டங்களில் இளைஞர்கள் ‘தொண்டர் படை’ அமைத்தார்கள். உடற்பயிற்சி, ஒழுக்கம், குடி ஒழிப்பு இவைதாம் அவர்கள் பேசியவை. 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங் வட்டாரத்தில் அவர்கள் கள்ளுக்கடை மறியலில் இறங்கியபோது போலீஸோடு மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவர்களின் முன்னணியில் இருந்த ஏ. எம். சாமி, ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்தவர். குடியை எதிர்ப்பது சமூக சீர்திருத்தம்தானே, அதில் அரசாங்கத்துக்கு என்ன ஆட்சேபம் என்று கேட்கலாம். கூட்டமாக வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டவர்கள் நாளைக்குக் கூலிக்காகவும் நிற்பார்கள் என்பது தோட்ட நிர்வாகங்களுக்குத் தெரிந்திருந்தது. லயத்துப் பெண்கள் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

‘பாய்காட்’ ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு நிர்வாகியாக இருந்தவர் கேப்டன் பாய்காட். 1880இல் வாரம் குறைக்கச் சொன்ன குடியானவர்களை அவர் வெளியேற்ற முயன்றபோது ஊரே அவரை ஒதுக்கியது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. நம்மவர் முதலில் ‘பகிஷ்காரம்’ என்றார்கள். பிறகு ‘புறக்கணிப்பு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் வந்தது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதே ஆயுதம் ‘ஊர்விலக்கு’ என்ற பெயரில் வெகுகாலமாக இருந்தது. அங்கே வலியவர்கள் எளியவர்கள்மேல் அதைப் பிரயோகித்தார்கள். சாதியின் பெயரால் தள்ளிவைக்கப்பட்ட அனுபவத்தோடு கப்பலேறிய குடும்பங்கள் நம்மில் எத்தனையோ.

1947 அக்டோபர் 20ஆம் நாள் மலாயா முழுவதும் ‘அர்த்தால்’ நடந்தது. ஆங்கிலேயர் வகுத்த அரசியல் திட்டத்தை எதிர்த்து எல்லா இனத்தவரும் கலந்துகொண்ட நாள் அது; துன் டான் செங் லாக் அதன் தலைவர்களில் ஒருவர். அர்த்தால் என்பது குஜராத்தி, இந்தி மொழிகளிலிருந்து வந்த சொல்; கடைக்குப் பூட்டுப் போடுவது என்று அர்த்தம். அடுத்த ஆண்டு ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. தொழிற்சங்கச் சம்மேளனங்கள் தடை செய்யப்பட்டன. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் வீரசேனன் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளில் எதிர்ப்பு என்ற சொல்லுக்கே துப்பாக்கி வாடை ஒட்டிக்கொண்டது. கூலி போதவில்லை என்று சொன்னவனைக்கூட, இவன் காட்டுக்காரர்களைச் சேர்ந்தவனோ என்று பார்த்தார்கள். தோட்டத்து வீடுகளில் “வாயை மூடிக்கொண்டு இரு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த பழக்கத்துக்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

அதன்பின் எதிர்ப்பு, மேசைக்கு வந்தது. 1954இல் தோட்டச் சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். புதுச் சொற்கள் வந்தன. குறை என்பது ‘கிரீவன்ஸ்’ ஆயிற்று. சங்கத்துக்கும் முதலாளிக்கும் ஒத்துவராத விஷயம் ‘டிரேட் டிஸ்பியூட்’ ஆயிற்று. அதைத் தமிழில் ‘தொழில் தகராறு’ என்று மொழிபெயர்த்தது அத்தனை பொருத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. தகராறு என்றால் நம் காதில் கள்ளுக்கடை வாசல் சண்டைதான் விழுகிறது. சட்டம் சொல்வதோ, இரு தரப்பும் எழுத்தில் வாதிடும் ஒரு கருத்து வேறுபாட்டை. “எங்கள் தோட்டத்தில் தகராறு ஒன்றும் இல்லை” என்று பெருமையாகச் சொல்லும் தொழிலாளி, தம் சங்கம் முதலாளியோடு ஆண்டுக்கணக்காக நடத்தும் வழக்கையும் சேர்த்து மறுத்துவிடுகிறார்.

1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி, வேலைநிறுத்தம் செய்யுமுன் உறுப்பினரிடையே இரகசிய வாக்கெடுப்பு நடத்தவேண்டும். 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி, ஒரு தகராறு தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால், அதே விஷயத்துக்காக வேலையை நிறுத்தக்கூடாது. ஆகவே இன்று தோட்டத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொல்வதும், சட்டப் புத்தகம் அந்தச் சொல்லால் குறிப்பதும் ஒன்றல்ல. கோபத்தில் பத்துப் பேர் பெரட்டுக்களத்திலிருந்து திரும்பி லயத்துக்கு நடந்துவிட்டால், அவர்கள் அதை ஸ்ட்ரைக் என்பார்கள். நிர்வாகம் அனுமதியில்லாமல் வேலைக்கு வராமை என்று எழுதிக்கொள்ளும். முன்னதற்குச் சங்கம் துணை வரும், பின்னதற்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். கடிதம் வந்தால் அதில் எந்தச் சொல் போட்டிருக்கிறது என்பதைப் படித்த பிள்ளையைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பதில் எழுதும்போது ‘மறுக்கிறேன்’ என்பதும் ‘ஆட்சேபிக்கிறேன்’ என்பதும் வெவ்வேறு. நடந்ததாகச் சொல்லப்படுவது நடக்கவே இல்லை என்றால் மறுப்பு. நடந்தது உண்மை, ஆனால் அதற்கு நீங்கள் எடுக்கும் நடவடிக்கை முறையல்ல என்றால் ஆட்சேபம். இரண்டையும் குழப்பி எழுதினால், செய்யாத தவற்றை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

இன்று கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் தமிழர்களோடு வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். இந்தோனேசியர் வேலைநிறுத்தத்தை ‘மோகோக்’ என்பார்கள். மலாயிலும் அதே சொல்தான். வண்டி வழியில் நின்றுபோய் நகர மறுத்தாலும் அவர்கள் மோகோக் என்றே சொல்வார்கள். நேப்பாளிகள் சொல்வது நம் அர்த்தாலுக்கு உடன்பிறப்பு. வங்காளியில் வேலைநிறுத்தத்துக்குப் பெயர் ‘தர்மகட்’. கட் என்றால் குடம். தர்மத்தின் பெயரால் ஒரு குடத்தை நடுவில் வைத்து, எல்லாரும் ஒன்றாக நிற்போம் என்று அதன்முன் சத்தியம் செய்துகொண்ட பழைய கிராம வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது.